தலையாட்டல் செல்லாத அறை

வாசகர்களே, இந்த வாரம் உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். கண்ணால் கண்ட சாட்சியைக் கேட்கவில்லை. பிறவியிலேயே பார்வையில்லாத நான் அப்படிக் கேட்பது முறையும் ஆகாது. காதால் கேட்கும் சாட்சியாக வந்து என் பக்கத்துப் பெஞ்சில் அமருங்கள். நான் கேட்டதை நீங்களும் கேட்டால் போதும்.

இடம் திண்டிவனம். ஒரு பள்ளியின் பின்புறம், ஓடு வேய்ந்த ஓர் அறை. சனிக்கிழமை காலை. நெடுஞ்சாலையில் பேருந்துகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஒலிப்பான் அடிக்கின்றன. அறைக்குள் பசை வாசனை. யாரோ ஒரு விடைத்தாளைப் புரட்டுகிறார். தாள் மிகச் சீக்கிரம் தீர்ந்துபோகிறது.

"சமூக அறிவியல்," என்றார் ரெஜினா டீச்சர். "முழுப் பேப்பரும் இவ்ளோதானா? ஏரிப் பாசனத்தப் பத்தி இந்தப் புள்ள எங்கிட்ட பீரியடு முடியற வரைக்கும் பேசுவா. இங்க ஒத்த வரி. 'ஏரிகள் விவசாயத்திற்குப் பயன்படுகின்றன.' மோனிஷா, இத நீயா சொன்ன?"

பதிலுக்கு மெல்லிய கிணுகிணுப்பு ஒன்று மட்டும் கேட்டது. மோனிஷாவின் காது ஜிமிக்கி.

"தலையாட்டினா செல்லாதுன்னு சொல்லியிருக்கேன்ல? வாயத் தொறந்து சொல்லு."

"நான் நெறைய சொன்னேன் டீச்சர். நான் சொல்லச் சொல்ல எழுத வந்த அக்கா, 'சுருக்கிடட்டுமா'ன்னு கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

மறுபடியும் கிணுகிணுப்பு. பிறகு மிகத் தாழ்ந்த குரலில், "தலையாட்டுனேன் டீச்சர்."

அந்த அரையாண்டுத் தேர்வில் அவள் தேறவில்லை. 'அடுத்த கேள்விக்குப் போலாமா?' என்று அந்த அக்கா கேட்டபோதெல்லாம் தலையாட்டியிருக்கிறாள். 'இது வேணாம், வுட்டுடலாமா?' என்றபோதும் ஆட்டியிருக்கிறாள். பாடம் முழுவதும் தலைக்குள் இருந்தது. அந்தத் தலை ஆடியதால் தாளில் இறங்காமல் போயிற்று.

வாசற்படியருகே அமர்ந்திருந்த அவள் தாய் குமாரி அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தார். மேல்மலையனூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து மகளை அழைத்து வருபவர். பிறர் நிலத்தில் கூலி வேலை செய்பவர்.

"பெரியவங்க கேட்டா வேற இன்னா பண்ணுவா டீச்சர்? எதிர்த்துப் பேசாதன்னு நான்தான் சொல்லி வளத்தேன்."

அவரே தொடர்ந்தார்: "பப்ளிக் பரீச்சையில பாஸாயிட்டான்னா விழுப்புரத்துல ஹாஸ்டல்ல வுட்டுப் படிக்க வெக்கிறேன். இல்லன்னா வூட்டோட இருக்கட்டும். கழனி வேலைய வுட்டுட்டு, கோயிலு அமாவாச கூட்டத்துல பஸ்ஸுக்கு நின்னுக்கினு, இன்னும் எத்தினி வருஷம் இட்டுக்கினு வர்றது?"

அதில் கோபமில்லை. களைப்பு இருந்தது. கோபத்தோடு வாதாடலாம், களைப்போடு எப்படி வாதாடுவது?

அறையின் சட்டங்கள்

சுற்று வட்டாரப் பள்ளிகளில் படிக்கும் பார்வையற்ற பிள்ளைகள் சனிக்கிழமைதோறும் கூடும் அறை அது. ரெஜினா டீச்சருக்குப் பார்வை உண்டு. ஆயினும் பார்வையுள்ளவர்களுக்கு அங்கே சலுகை கிடையாது.

உள்ளே வருபவர் தம் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வரவேண்டும். 'இங்க', 'அங்க' என்ற சொற்களுக்குத் தடை. 'உன் வலது கைப்பக்கம்' என்று சொல்ல வேண்டும். குழந்தையின் கையைப் பிடித்து இழுத்து எதையும் தொட வைக்கக் கூடாது. உங்கள் கையை அதன் கைக்கு அடியில் வைக்க வேண்டும். விருப்பமிருந்தால் குழந்தை தொடரும், இல்லையென்றால் விலகும். எல்லாவற்றுக்கும் மேலான சட்டம், தலையாட்டல் செல்லாது என்பது. பார்க்க ஆளில்லாத இடத்தில் தலையாட்டுபவர் வாக்களிக்காதவருக்குச் சமம்.

சுவரோரம் ஓர் அட்டையில் தமிழ்நாடு இருந்தது. கடலுக்கு உப்புத்தாள். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மல்லாட்டைத் தோல், அதாவது வேர்க்கடலைத் தோல். ஆறுகளுக்குச் சணல். ஊர்களுக்குக் கேப்பை. ஒரு மழைக்காலத்தில் எலி வந்து விழுப்புரத்தைத் தின்றுவிட்டுப் போனது, திண்டிவனம் தப்பியது. மழைக் காற்றுகளுக்கு இரண்டு நூல்கள் ஒட்டியிருந்தன. அவற்றில் ஒன்று அடிக்கடி பிய்ந்துகொள்ளும். ஒட்ட வேண்டும், ஒட்ட வேண்டும் என்று டீச்சர் சொல்லிக்கொண்டேயிருப்பார்.

அந்த நூலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தலையாட்டக் கற்றவன்

இங்கே என்னைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நான் கிளியனூர்க்காரன், சிறுவயதில் அந்த அறையில் பயின்றவன். அப்போது விழுப்புரத்தில் கல்லூரியில் படித்தேன். படித்ததைக் காட்டிலும் பேசினேன். அம்மாவட்டத்தில் நான் ஏறாத கல்லூரி மேடை குறைவு. நேரம் முடிந்ததென்று நடுவர் மணியடித்த பின்னும் வாக்கியத்தை முடிக்காமல் நான் இறங்கியதில்லை. அது என் அடையாளமென்றே எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அதில் பெருமை உண்டு, இன்றும் உண்டு.

முதன்முதலாக மேடையேறிய நாளில் விடுதித் தோழன் ஒருவன் சொன்னான்: "சூப்பரா பேசுன மச்சான். ஆனா கல்லு பேசுற மாதிரி இருந்துச்சு."

என் உடல் அசையவே இல்லையாம். எப்படி அசையும்? கையை எப்போது உயர்த்துவது, தலையை எப்போது அசைப்பது என்பதை மற்றவர்கள் பார்த்துக் கற்கிறார்கள். நான் அவன் பிடரியில் கையை வைத்துக் கற்றேன். ஆமோதிக்கும்போது கழுத்து முன்பக்கம் மடிகிறது. மறுக்கும்போது பக்கவாட்டில் திரும்புகிறது. மொட்டைமாடியில் பல மாலைகள் பயிற்சி நடந்தது. எதிரணியின் கருத்தை ஏற்பதுபோல ஒரு தலையசைப்பு, பிறகு அதைத் தகர்க்கும் ஒரு வாக்கியம். அரங்கம் அதிரும்.

மோனிஷாவின் கதை நேர்மாறானது. இரண்டாம் வகுப்பில் வந்த காய்ச்சலோடு அவள் பார்வை போயிற்று. அதற்குள் கழுத்து பழகிவிட்டிருந்தது. நான் பாடுபட்டுக் கற்றதை அவள் பாடுபட்டு மறக்க வேண்டியிருந்தது.

மூச்சு வந்தது, சொல் வரவில்லை

"பேச்சுதானே டீச்சர், நான் கற்றுத்தருகிறேன்," என்று முன்வந்தேன். சனிக்கிழமைதோறும் விழுப்புரத்திலிருந்து பேருந்தேறினேன்.

பார்வையற்ற பிள்ளைகளின் பொதுத்தேர்வு எப்படி நடக்கிறது என்பதை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர்கள் சொல்லச் சொல்ல, அமர்த்தப்பட்ட ஓர் ஆசிரியர் எழுதுவார். அவரை ஸ்கிரைப் என்பார்கள். கூடுதல் நேரமும் உண்டு. ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் சொல்வது ஒரு தனிக் கலை. எங்கே புள்ளி, எங்கே புதுப் பத்தி, எதை அடிக்க வேண்டும், எதைத் திரும்பப் படித்துக்காட்ட வேண்டும் என்று அறிமுகமில்லாத ஒரு பெரியவருக்கு ஒரு சிறுமி ஆணையிட வேண்டும்.

அடிவயிற்றிலிருந்து மூச்செடுக்கப் பழக்கினேன். சொல்லின் கடைசி எழுத்து விழுங்கப்படாமல் ஒலிக்கப் பழக்கினேன். சில வாரங்களில் ஏரிப் பாசனத்தை அவள் ஓட்டுக்கூரை அதிரச் சொன்னாள். நான் வென்றுவிட்டதாக நினைத்தேன்.

ரெஜினா டீச்சர் எதுவும் சொல்லாமல் விளையாட்டு ஆசிரியரை அழைத்து வந்தார். அவர் ஸ்கிரைப்பாக நடிக்க வேண்டும். வேண்டுமென்றே தவறாக எழுத வேண்டும். இது மோனிஷாவுக்குத் தெரியாது.

"காவிரி குடகுல உற்பத்தி ஆகுது," என்று கணீரென்று சொன்னாள்.

பேனா ஓடியது. "எழுதிட்டேம்மா. 'காவிரி கேரளாவில் உற்பத்தியாகிறது.' சரியா?"

கிணுகிணு. அதோடு நிற்காமல், "சரிங்க சார்," என்றும் சொன்னாள்.

"அட, இன்னாம்மா நீ! நான் விசிலடிக்கறவன். காவிரி எங்க பொறந்தா எனக்கின்னா? நீ ஏன் சரின்னு சொல்ற?"

சிறுபிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்," என்றாள்.

அவருக்கும் சிரிப்பு நின்றுபோனது. வெளியே போய்விட்டார்.

பேருந்தில் திரும்பும்போது அந்தச் 'சரிங்க சார்' என் காதை விட்டுப் போகவில்லை. எவ்வளவு தெளிவாக ஒலித்த சொற்கள்! கடைசி எழுத்துகூட விழுங்கப்படவில்லை. நான் கற்றுத்தந்த குரலில், அவள் வளர்க்கப்பட்ட பணிவு பேசியிருந்தது.

எழுதுபவளின் இருக்கை

அதற்கடுத்த சனிக்கிழமை நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. விழுப்புரத்தில் எனக்கு ஒரு பேச்சுப் போட்டி இருந்தது, குறிப்புகள் தயாராகவில்லை. என் பிரெயில் சட்டகத்தைப் பேருந்திலேயே விட்டுவிட்டிருந்தேன். அந்த அறையில் மிக வேகமாகப் பிரெயில் எழுதுபவள் மோனிஷா. அவளை எழுதச் சொல்லி நான் பேசத் தொடங்கினேன்.

பிரெயிலைத் தடித்த தாளில் சிறு ஆணியால் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். திருப்பிப் போட்டால் இடமிருந்து வலமாக விரலில் எழும். எழுதும்போது டக்டக்கென்று ஒரு சீரான ஒலி வரும். என் பேச்சுக்கு அது தாளம் போடுவதுபோலிருந்தது. எனக்குச் சுதி ஏறிவிட்டது.

"அண்ணா, கொஞ்சம் மெதுவா," என்றாள். நான் வாக்கியத்தின் நடுவில் இருந்தேன்.

"அண்ணா, இருங்க." வாக்கியம் இன்னும் முடியவில்லை.

ஆணியின் மரப்பிடியால் சட்டகத்தின்மேல் ஓங்கித் தட்டினாள்.

"நிறுத்துங்கண்ணா! மூச்சே வுட மாட்டீங்களா? கை ஒடியுது எனக்கு. வாக்கியம்னா அதுக்கு ஒரு முடிவு வேணாமா? விழுப்புரத்துல பஸ் ஏறி திண்டிவனத்துல எறங்கற வரைக்கும் ஒரே வாக்கியமா?"

அறையே சிரித்தது. அட்டை வெட்டிக்கொண்டிருந்த ரெஜினா டீச்சரின் கத்தரிக்கோல் மட்டும் சட்டென்று நின்றது. அது ஏன் நின்றது என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. என் தன்மானத்தைச் சரிசெய்துகொள்ளும் அவசரத்தில், "படிக்கிறேன், குடு," என்று தாளை வாங்கினேன்.

விரலை ஓட்டினேன். நான் சொன்னது: 'நகரம் நம்மை அழைப்பது நம் உழைப்புக்காக, நம் பெயரை அது கேட்பதேயில்லை.' தாளில் இருந்தது: 'நகரத்துக்கு நம் உழைப்பு வேண்டும்.'

"இது நான் சொன்னது இல்ல மோனிஷா. அடிச்சிடு."

"ஆமாண்ணா. நீங்க ஜல்தியா போயிட்டீங்க, வுட்டுட்டேன். நானா ஒண்ணு போட்டேன்."

எழுத்துகளின்மேல் ஆறு புள்ளிகளையும் குத்தி அந்த வரியை அடித்தாள். பிரெயிலில் அடிப்பதென்றால் அப்படித்தான். பிறகு ஆணி ஓய்ந்தது.

"அண்ணா."

"சொல்லு."

"நீங்க அடின்னு சொன்னதும் எனக்குக் கோவமே வரல. சொல்லாம போயிடுவீங்களோன்னுதான் பயந்துக்கினு இருந்தேன். நான் போட்ட வரிய மேடையில போயிப் படிச்சிருப்பீங்க இல்ல?"

"ம்."

"அப்போ... எழுத வர்ற சாருக்கும் அப்டித்தான் இருக்குமா?"

எனக்குப் பதில் தெரியும். அந்தப் பதிலை மூன்று உவமைகளோடு சொல்லவும் தெரியும். ஏனோ அன்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோல் மெல்ல மறுபடியும் நகரத் தொடங்கியது.

மறுவாரம் விளையாட்டு ஆசிரியர் வந்தார். காவிரியை இம்முறை ஆந்திராவில் பிறக்க வைத்தார்.

"சார், அடிச்சிடுங்க. குடகுன்னு எழுதுங்க."

"ஏம்மா, சார் சொன்னா சரியா இருக்காதா?"

"விசிலுக்குச் சரியா இருக்கும் சார். காவிரிக்கு இல்ல."

அவர் சிரித்த சிரிப்பு மைதானம்வரை கேட்டிருக்கும்.

வேப்பமரத்தடி

பொதுத்தேர்வு. சமூக அறிவியல், கடைசித் தாள். தேர்வு மையத்தின் மதில் அருகே வேப்பமர நிழலில் குமாரி அக்காவும் நானும் நின்றிருந்தோம். வேப்பம்பூ உதிர்ந்து என் சட்டைக்குள் விழுந்துகொண்டிருந்தது. மகளுக்காக அவித்த மல்லாட்டை கொண்டுவந்திருந்தார். தூக்குச்சட்டியின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

மணியடித்தது. மற்ற பிள்ளைகளின் மிதிவண்டிகளும் கூச்சலும் கடந்து போயின. பிறகு அமைதி. கூடுதல் நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"தம்பி, உள்ள இன்னா பண்ணிக்கினு இருப்பா?"

"சொல்லிக்கினு இருப்பாக்கா."

ஒருவழியாகக் கோலின் தட்டல் ஒலியும் ஜிமிக்கியும் நெருங்கி வந்தன. "அம்மா, அடிக்கச் சொல்லிட்டேன்!" என்றாள் மோனிஷா. மூச்சிரைத்தது.

நடந்தது இது. தமிழ்நாட்டுக்கு அதிக மழை தரும் பருவக்காற்று எது என்ற கேள்விக்கு அவள் 'தென்மேற்கு' என்று சொல்லியிருக்கிறாள். எழுத வந்தவர் வயதான ஓர் ஆசிரியர். படித்துக்காட்டுங்கள் என்று கேட்டபோது 'வடகிழக்கு' என்று படித்திருக்கிறார். 'நான் அது சொல்லல சார், அடிச்சிடுங்க.' 'உன் நல்லதுக்குத்தாம்மா எழுதினேன்.' 'நான் சொன்னத எழுதுங்க சார்.' அவர் பெருமூச்சு விட்டு அடித்துவிட்டு, அவள் சொன்னதை எழுதினாராம்.

"எதுடி சரி?" என்றார் குமாரி அக்கா.

"அவரு எழுதுனதுதாம்மா சரி. வெளிய வரும்போதுதான் புரிஞ்சுது. நம்ப அட்டையில அந்த நூலு பிஞ்சி போயிருந்துச்சி. என் வெரலுக்கு ஒரு காத்துதான் தெரிஞ்சுது."

தூக்குச்சட்டியின் மூடி நங்கென்று விழுந்தது.

"அறிவு இருக்குதாடி உனக்கு? ஐப்பசியில அடிக்கற மழ எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு தெரியாது? அந்த மனுஷன் சும்மா கெடைச்ச மார்க்க எழுதிக் குடுத்தா, அத அடிக்கச் சொல்லிட்டு வந்து நிக்கற! பெயிலாயிட்டா இன்னாடி பண்ணுவ?"

இத்தகைய தருணத்துக்காகவே நான் பயிற்சி பெற்றிருக்கிறேன் என்று தோன்றியது. நெஞ்சை நிமிர்த்தினேன். "அக்கா, ஒரு நிமிஷம். ஒரு மனிதர் தன் பிழையைத் தானே செய்யும் உரிமை இருக்கிறதே, அந்த உரிமைதான்..."

"அண்ணா, நிறுத்துங்க. எங்கம்மாகிட்ட நான் பேசிக்கறேன்."

நிறுத்தினேன். 'அந்த உரிமைதான்' என்பதற்குப் பிறகு வரவேண்டிய பயனிலை அந்த வேப்பமரத்தடியில் இன்றும் வராமலேயே நிற்கிறது.

"அம்மா," என்றாள் மோனிஷா. "கழனியில நீ ஆஞ்ச மல்லாட்டைய வேற ஒருத்தி ஆஞ்சான்னு கூலிக் கணக்குல எழுதிட்டா சும்மா இருப்பியா?"

ஒரு பேருந்து போயிற்று. இன்னொன்றும் போயிற்று.

"இருந்திருக்கேன்டி," என்றார் குமாரி அக்கா.

"நான் இருக்க மாட்டேம்மா."

சற்றுப் பொறுத்து மல்லாட்டை உரிபடும் ஒலி கேட்டது. முதற்பருப்புகள் மகளுக்குப் போயின. அடுத்தவை என் உள்ளங்கைக்கு வந்தன. உப்பு சற்றுக் கூடுதலாக இருந்தது.

தேர்வு முடிவைப் பற்றி உங்களுக்குக் கவலை இருக்கும். தேறினாள். சமூக அறிவியலில்தான் மதிப்பெண் குறைவு; ஆனால் அந்தத் தாள் முழுவதும் அவள் சொன்னதாக இருந்தது. குமாரி அக்கா சொன்னபடியே விழுப்புரத்தில் விடுதியில் சேர்த்தார். ரெஜினா டீச்சர் அந்த வடகிழக்கு நூலை ஒட்டினார். பிய்க்கவே முடியாதபடி, இரட்டையாக.

நான் மறுபடியும் வேப்பமரத்தடிக்கே வருகிறேன், ஏனென்றால் என் சாட்சிகளாகிய உங்களை எதற்காக அழைத்தேனோ அது இனிமேல்தான் நடக்கிறது.

கிளம்பும் நேரத்தில் மோனிஷா கேட்டாள்: "அண்ணா, நான் சொன்னதும் நிறுத்துனீங்களே, இன்னிக்கி மட்டுமா? இனிமேலும் நிறுத்துவீங்களா?"

மொட்டைமாடியில் பழகிய அதே தலையசைப்பு, கழுத்து முன்பக்கம் மடிய, தன்னாலேயே வந்துவிட்டது. அவள் காத்திருந்தாள்.

"இன்னாண்ணா, சத்தத்தையே காணோம்?"

"ஆட்டறாரும்மா," என்றார் குமாரி அக்கா. அன்று முதன்முறையாக அவர் குரலில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "நல்லாத்தான் ஆட்டறாரு."

"செல்லாது. வாயத் தொறந்து சொல்லுங்க."

சுற்றிலும் சாலை இரைந்துகொண்டிருந்தது. அதற்கு மேலெழும்பும்படி, அடிவயிற்றிலிருந்து மூச்செடுத்து, கடைசி எழுத்தும் விழுங்கப்படாமல் சொன்னேன்:

"நீ நிறுத்துன்னா நிறுத்துவேன் மோனிஷா. மேடையா இருந்தாலும் நிறுத்துவேன். பாதி வாக்கியமா இருந்தாலும் நிறுத்துவேன்."